கழியின் ஓதமும் குளத்தின் வற்றலும்: கொங்கு நாட்டு நீர்ப்பறவைப் புகலிடங்களின் வரலாறு – அன்னூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

2024 ஆகஸ்டு 14 அன்று விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளி உவர்ச் சதுப்பும் திருப்பூர் மாவட்டத்து நஞ்சராயன் குளமும் ராம்சார் ஈரநிலங்களாக ஒருசேர அறிவிக்கப்பட்டன. மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 17 அன்று, கொங்கு நாட்டின் வறண்ட மேட்டுநிலத்தில் 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் செயற்பாட்டுக்கு வந்தது. முதல் நிகழ்வு பறவையின் பெயரால் நடந்தது. இரண்டாவது உழவரின் பெயரால் நடந்தது. இவ்விரண்டும் ஒரே நீர்நிலை மரபைச் சார்ந்தவை என்பதையும், நீர்ப்பறவைக்குப் புகலிடமாவது நீரின் இருப்பு மட்டுமன்று, நீர் ஏறி இறங்கும் கால ஒழுங்குமே என்பதையும் வரலாற்று வழியில் நிறுவ இக்கட்டுரை முயல்கிறது. கடலோரச் சதுப்பில் ஓதம் செய்யும் பணியைக் கொங்குக் குளங்களில் பருவமழையும் மதகும் கோடையும் செய்துவந்தன. அன்னூர் வட்டாரத்தில் அவ்வொழுங்கு இன்று மாறும் நிலையில் உள்ளது.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, அன்னூர், நீர்ப்பறவை, ஓதச் சதுப்பு, ஏரி, குட்டை, வேடந்தாங்கல், வெள்ளோடு, நஞ்சராயன் குளம், கழுவெளி, அத்திக்கடவு–அவிநாசித் திட்டம்.

1. முன்னுரை

பறவை நோக்கல் என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் நினைவுக்கு வருபவை கடலோர ஈரநிலங்களே. கோடியக்கரை, பழவேற்காடு, முத்துப்பேட்டை, பள்ளிக்கரணை, கழுவெளி என்னும் பெயர்கள் பறவையியல் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. 1967இல் காட்டுயிர்ப் புகலிடமான கோடியக்கரை, 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமும் ஆயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்குப் பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி விடுத்து, அவற்றின் வலசைப் பாதையை அறியும் பணியைப் பல்லாண்டுகள் மேற்கொண்டது. ஆகவே கடலோரச் சதுப்பே நீர்ப்பறவைகளின் இயல்பான இல்லம் என்றும், உள்நாட்டுக் குளங்கள் அவற்றின் தற்செயலான தங்கலிடங்கள் என்றும் ஓர் எண்ணம் நிலைபெற்றது.

இவ்வெண்ணத்தை வரலாற்றுச் சான்றுகள் முழுமையாக ஆதரிக்கவில்லை. தமிழ்நாட்டில் பறவைப் புகலிடம் என்னும் கருத்து தோன்றியது கடற்கரையில் அன்று; ஏரிக்கரையில்தான். கொங்கு நாடு போன்ற மழைமறைவுப் பகுதியில், மனிதர் வெட்டிய குளங்களே நீர்ப்பறவைகள் தங்குவதற்கு இடந்தந்தன. எனவே இங்குப் புகலிடத்தின் வரலாறு நீர்ப்பாசன வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாதது. அன்னூர் வட்டாரம் இவ்வாய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், அங்கு ஆறு இல்லை என்பதே. ஆறு எட்டாத நிலத்தில் குளம் என்ன செய்தது, இனி என்ன செய்யும் என்பதை அங்குத் தெளிவாகக் காணலாம்.

2. ஓதச் சதுப்பும் குளமும்: நீர்மட்டத்தின் இயல்பு

தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் நாளொன்றுக்கு இருமுறை ஓதம் ஏறி இருமுறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு பெரிதன்று; பொதுவாக ஒரு மீட்டர் அளவிலோ அதற்குள்ளோ அடங்கும். ஆயினும் சமதளமான சேற்றுவெளியில் அச்சிறு வேறுபாடே பரந்த நிலத்தை மாறிமாறி மூடியும் திறந்தும் வைக்கிறது. நீர் வடிந்த ஈரச் சேற்றில் புழுக்களும் சிறு நத்தைகளும் பூச்சிகளின் இளவுயிரிகளும் மேற்பரப்புக்கு அருகில் கிடைக்கின்றன. கொசு உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, பவளக்காலி, பச்சைக்காலி போன்ற கரைப்பறவைகள் உணவுக்கு நம்பியிருப்பது இச்சேற்று விளிம்பையே. ஆழமான நீர் அவற்றுக்குப் பயன்படாது. முற்றிலும் உலர்ந்த நிலமும் பயன்படாது.

கழுவெளி இவ்வியல்பை நன்கு காட்டும் இடமாகும். ஓடை வழியே உட்புகும் கடல்நீர், உவர்த்தன்மை கொண்ட கழிமுகப் பகுதி, நன்னீர் தேங்கும் படுகை ஆகிய மூன்றும் அங்கு ஒன்றோடொன்று தொடர்கின்றன. 5,151 எக்டேருக்கும் மேற்பட்ட அப்பரப்பு 2021இல் பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

குளத்தில் ஓதம் இல்லை. ஆயினும் அங்கும் நீர் ஏறுகிறது, இறங்குகிறது. கொங்கு நாட்டின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையையே நம்பியுள்ளது. அம்மழையில் நிரம்பும் குளம், தை முதல் சித்திரை வரை பாசனத்தாலும் கசிவாலும் வெயிலாலும் சிறிது சிறிதாக வற்றுகிறது. வற்றும்போது நாள்தோறும் புதிய சேற்று விளிம்பு வெளிப்படுகிறது. வடபுலத்திலிருந்து ஆவணி, புரட்டாசியில் வரத் தொடங்கும் வலசைப் பறவைகள் சித்திரை அளவில் திரும்புகின்றன. அவை நெடும்பயணத்துக்கு உடலில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய காலமும் குளம் வற்றும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. கடற்கரைச் சதுப்பு நாளுக்கு இருமுறை செய்வதைக் கொங்குக் குளம் ஆண்டுக்கு ஒருமுறை, மெதுவாகச் செய்கிறது எனலாம்.

வேறுபாடு ஒன்று உண்டு. கடலோரத்தின் ஏற்றவற்றத்தை நிலவும் கதிரவனும் ஆள்கின்றன. அதனை எவரும் மாற்ற இயலாது. குளத்தின் ஏற்றவற்றத்தை மழையோடு மதகும் ஆள்கிறது. மதகைத் திறப்பவர், கரையை உயர்த்துபவர், வண்டலை அள்ளுபவர் ஆகியோரின் முடிவுகள் அதனை மாற்ற வல்லவை. ஆதலால் குளத்துப் பறவையின் வாழ்வு மனிதச் செயலோடு பிணைந்தது. அதனால்தான் அது வரலாற்று ஆய்வுக்குரிய பொருளாகிறது.

3. புகலிடம் என்னும் கருத்தின் தோற்றம்

பண்டைத் தமிழ் மரபு பறவைகளை நிலத்தோடு சேர்த்தே அறிந்தது. நெய்தலுக்கும் மருதத்துக்கும் தனித்தனிப் பறவைகள் கருப்பொருளாகக் கூறப்பட்டன. பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ இலக்கியப் பறவைப் பெயர்களை உயிரியல் இனங்களோடு பொருத்திக் காட்டிய முன்னோடி நூலாகும். வலசையும் மரபறிவுக்கு உட்பட்டதே. சத்திமுத்தப் புலவரின் புகழ்பெற்ற தனிப்பாடலில், குமரியாடி வடக்கே திரும்பும் நாரையைத் தம்மூர் வாவியில் தங்கித் தம் மனைவியிடம் செய்தி சொல்லுமாறு புலவர் வேண்டுகிறார். பாடலின் உருக்கம் பலராலும் பேசப்பட்டுள்ளது. இவ்வாய்வுக்கு வேண்டுவது அதிலுள்ள புவியியல் செய்தி: வலசை செல்லும் பறவை இடைவழியில் தங்குமிடமாகப் புலவர் கருதியது ஊர்க் குளத்தையே.

குளத்துப் பறவையைக் காப்பது ஊரின் பொறுப்பு என்னும் வழக்கத்துக்கு எழுத்துச் சான்று வேடந்தாங்கலில் கிடைக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், செங்கற்பட்டுச் சீமையின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேசிடம் அவ்வூர் மக்கள், படைவீரர்கள் ஏரியில் பறவைகளைச் சுடுவது குறித்து முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை அவர் ஊராருக்கு எழுத்தில் வழங்கினார். மக்கள் முறையிட்டதற்கு அருளுணர்வு மட்டும் காரணமன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர். பறவைக்கும் பயிருக்கும் நீர் ஒன்றே என்னும் இவ்வறிவின் மீதே தமிழ்நாட்டின் முதல் பறவைப் புகலிடம் எழுந்தது. அரசு அதனை 1936இல் புகலிடமாக ஏற்றது பின்னர் நிகழ்ந்ததாகும். 1994இல் புகலிடமான நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்திலும் ஊராரின் காவல் அரசாணைக்கு முற்பட்டதே.

4. கொங்கு நாட்டு நீர்நிலைகளும் ஆட்சிப் பதிவுகளும்

கொங்கு நாட்டின் குளங்களை இரு வகையாகப் பகுக்கலாம். முதல்வகை, ஆற்று அணைகளிலிருந்து வாய்க்கால் வழியே நீர் பெறும் தொடர்க்குளங்கள். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யலின் குறுக்கே சித்திரைச்சாவடி தொடங்கிக் கட்டப்பட்ட அணைகளும், அவற்றால் நிரம்பிய உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர்க் குளங்களும் இவ்வகையின. மரபு இவற்றைக் கொங்குச் சோழரோடு தொடர்புபடுத்துகிறது. இரண்டாம் வகை, ஆறு எட்டாத மேட்டுநிலங்களில் ‘பள்ளம்’ என்று கொங்கு வழக்கில் அழைக்கப்படும் சிற்றோடைகளின் மழைநீரைத் தேக்கும் குளங்களும் குட்டைகளும். வடக்கே பவானிக்கும் தெற்கே நொய்யலுக்கும் இடையில் அமைந்த அன்னூர் இவ்வகை நீர்நிலைகளையே சார்ந்திருந்தது. முதல்வகைக் குளம் ஆண்டில் பலமுறை நீர் பெறக்கூடும். இரண்டாம் வகை பெய்யும் மழைக்கு ஏற்ப நிரம்பிக் கோடையில் அறவே வற்றும்.

1800இல் இப்பகுதி வழியே பயணம் செய்த பிரான்சிசு புக்கானன், குளம், வாய்க்கால், கிணறு, பயிர், தீர்வை ஆகியவற்றை விரிவாகக் குறித்தார். 1887இல் வெளிவந்த எப். ஏ. நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு, மாவட்டத்தின் பாசன ஏற்பாடுகளைத் தொகுத்துரைத்தது. இத்தகைய ஆவணங்களில் குளம் என்பது முதன்மையாக வருவாய்க்குரிய பொருள்: எத்தனை ஏக்கர் பாயும், எவ்வளவு தீர்வை கிடைக்கும் என்பனவே முதல் வினாக்கள். இந்நோக்கில், ஆறு பாயாத மேட்டுநிலத்துக் குட்டைக்கு மதிப்புக் குறைவு. அது பெரும்பாலும் நன்செயைப் பாய்ச்சுவதில்லை. ஆடு மாடுகளின் தாகம் தீர்க்கிறது, சுற்றுக் கிணறுகளில் ஊற்றைக் காக்கிறது, கோடையில் வண்டல் மண்ணைத் தருகிறது. வருவாய்க் கணக்கில் எளிதில் அகப்படாத இப்பயன்களோடு பறவையும் சேர்ந்து மறைந்துபோயிற்று. ஆவணம் பேசாமையைப் பறவை இன்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆவணத்தை எழுதியவர் எதனை எண்ண வேண்டியிருந்தது என்பதற்கே அது சான்றாகும்.

5. வேட்டையிலிருந்து கணக்கெடுப்புக்கு

காலனிய ஆட்சிக்காலத்தில் நீர்ப்பறவையைக் குறித்து எழுதியவர் பலர் வேட்டையாடியவர்களே. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் டி. சி. ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய தொகுதிகள் சுடப்பட்டுப் பாடம் செய்யப்பட்ட உடல்களையும் நேரடி நோக்கலையும் ஒருங்கே அடிப்படையாகக் கொண்டவை. குளிர்காலத்தில் வயலோரங்களிலும் குளத்து விளிம்புகளிலும் உள்ளான் வேட்டை ஐரோப்பிய அலுவலரின் பொழுதுபோக்காக இருந்தது. 1887இலும் 1912இலும் இயற்றப்பட்ட காட்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டங்கள் வேட்டைக்கும் விற்பனைக்கும் காலவரம்பிட்டன, வேட்டையை ஒழிக்கவில்லை.

பறவை பிடித்து வாழ்ந்த மக்கள் குழுக்களின் அறிவும் இங்கு நினைக்கத்தக்கது. எந்தக் குட்டையில் எம்மாதம் எவ்வினம் இறங்கும் என்பது அவர்களுக்குப் பிழைப்பு சார்ந்த அறிவு. 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அப்பிழைப்பைக் குற்றமாக்கியது. அவ்வறிவைப் பதிவு செய்யும் முயற்சி அதற்கு ஈடாக நடைபெறவில்லை. கொங்கு நாட்டு நீர்ப்பறவை வரலாற்றில் இது பெரிய இழப்பு எனக் கருதலாம்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துப்பாக்கியின் இடத்தை இருகண் நோக்கி பெற்றது. தமிழில் இயற்கை எழுத்துக்கு மா. கிருஷ்ணன் வழிவகுத்தார். தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன் அவ்வெழுத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சென்றார். க. ரத்னத்தின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ பறவைப் பெயர்களைத் தமிழில் நிலைநிறுத்த உதவியது. 1990இல் கோயம்புத்தூர் ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் நிறுவப்பட்டதும் கொங்கு நாடு பறவையியல் ஆய்வில் நிறுவன அடிப்படையைப் பெற்றது. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015 முதல் தைப்பொங்கல் நாள்களில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் பொதுமக்களைத் தரவு சேர்ப்போராக்கின. ஊர்க் குட்டையில் நிற்கும் நெடுங்கால் உள்ளானை ஒரு பள்ளி மாணவர் எண்ணிப் பதிவு செய்தால் அது உலகத் தரவோடு சேர்கிறது. நிக்கல்சன் காலத்துக் கணக்கில் இடம்பெறாத குட்டை, பறவையின் வழியாக முதன்முறை கணக்கில் ஏறியது.

எனினும் இக்கணக்கெடுப்புகளில் ஒரு குறை உண்டு. பறவை எத்தனை என்பது பதிவாகிறது. அன்று நீர் எவ்வளவு இருந்தது, சேற்று விளிம்பு எவ்வளவு வெளிப்பட்டிருந்தது என்பன பெரும்பாலும் பதிவாவதில்லை. கடற்கரையில் நோக்குவோர் ஓத நேரம் பார்த்தே செல்கின்றனர். குளக்கரையில் அவ்வழக்கம் வேரூன்றவில்லை.

6. வெள்ளோடும் நஞ்சராயன் குளமும்

கொங்கு நாட்டில் அரசு அறிவித்த இரு பறவைப் புகலிடங்கள் இங்கு ஒப்பிடத்தக்கவை. ஈரோடு அருகேயுள்ள வெள்ளோடு, 77 எக்டேர் பரப்புடைய பாசன ஏரி. 1996இல் புகலிடமான இது 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் வழக்கம் பரவலாக அறியப்பட்டது. ஐப்பசி மாதமே பறவைகள் வந்து சேரும் பருவமாதலின் இவ்வழக்கம் உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று. பருவத்தை அறிந்த ஒழுக்கமாகும்.

திருப்பூர் ஊத்துக்குளிச் சாலையையொட்டிய நஞ்சராயன் குளம் சுமார் 125 எக்டேர் பரப்புடையது. நல்லாற்றின் நீரைப் பெறும் இக்குளத்தைப் பழங்காலத்தில் நஞ்சராயன் என்னும் அரசர் சீரமைத்ததாக மரபு கூறுகிறது. ராம்சார் அறிவிப்பின்போது இங்கு 191 பறவையினங்களும் 87 வண்ணத்துப்பூச்சி இனங்களும் 77 தாவர இனங்களும் பதிவாகியிருந்தன. பின்னலாடைத் தொழிலால் வளர்ந்த நகரின் விளிம்பில், கழிவுநீரின் நெருக்குதலுக்கு இடையே, இத்தனை இனங்கள் பதிவானதற்கு உள்ளூர் இயற்கை ஆர்வலர்களின் நெடுநாள் நோக்கலே காரணம். அப்பதிவுகளே 2022இல் இக்குளம் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைப் புகலிடமாவதற்கு அடிப்படை அமைத்தன.

இவ்விரண்டும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. கழுவெளியில் அரசு காத்தது இயற்கை அமைத்த நிலத்தை. வெள்ளோட்டிலும் நஞ்சராயன் குளத்திலும் அரசு காப்பது மனிதர் அமைத்த நிலத்தை. ஆகவே பின்னவற்றில் எல்லைக் கல் நடுவதால் மட்டும் காப்பு நிறைவேறாது. நீர்வரத்தும் மதகும் கரையின் சாய்வும் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதே அங்குக் காப்பின் உள்ளடக்கம்.

7. சட்டத்தின் வரையறையும் விடுபட்ட குளங்களும்

1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் இந்தியா 1982இல் இணைந்தது. அவ்வுடன்படிக்கையின் வரையறை மிகவும் விரிந்தது. இயற்கையானதோ செயற்கையானதோ, நிலையானதோ தற்காலிகமானதோ, நன்னீரோ உவர்நீரோ, எல்லாம் ஈரநிலமே. கடலோரத்தில் வற்றுக்காலத்தில் ஆறு மீட்டருக்கு மிகாத ஆழமுள்ள பகுதியும் அதனுள் அடங்கும். இவ்வரையறைப்படி கழுவெளியும், ஆண்டில் நான்கு மாதம் நீர் நிற்கும் அன்னூர்க் குட்டையும் ஒரே இனத்தவை.

இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகளோ, குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதரால் உருவாக்கப்பட்ட நீர்நிலைகளை ஈரநில வரையறையிலிருந்து விலக்கின. ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை மட்டும் இதற்கு விலக்காக விதிகளின் காப்புக்குள் வருகின்றன. இதன் விளைவாக நஞ்சராயன் குளம் உள்ளே. அதே பருவத்தில் நிரம்பி, அதே பறவைகளைப் பெறக்கூடிய மற்றப் பாசனக் குளங்கள் வெளியே. ஏரி மரபிலிருந்து தோன்றிய புகலிடக் கருத்து, தன் வளர்ச்சியில் பெரும்பாலான ஏரிகளைச் சட்டத்தின் புறத்தே நிறுத்தியது என்பது இவ்வரலாற்றின் முக்கிய முரணாகும்.

8. அன்னூர்: நீர் வந்த பின்னர்

கோயம்புத்தூருக்கு வடகிழக்கே அமைந்த அன்னூர், அவிநாசி வட்டாரங்களில் கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகள் ஆழம் கூடிக்கொண்டே சென்றதும், புன்செய் நிலங்கள் தரிசானதும் அறியப்பட்டவையே. பவானியின் வெள்ள உபரியை இம்மேட்டுநிலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்னும் கோரிக்கை அறுபதாண்டுக் காலத்துக்கும் மேலாக எழுப்பப்பட்டது. 2016இல் அவிநாசியில் தொடர் உண்ணாநிலைப் போராட்டமும் நடைபெற்றது. 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024இல் நிறைவேறிய திட்டம், 13ஆம் நூற்றாண்டுக்குரிய காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்தில் நீரை எடுக்கிறது. பவானி, நல்லாகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் ஆகிய ஆறு இடங்களில் நீரேற்று நிலையங்கள் அமைந்துள்ளன. ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. உபரிநீர், நீர்வளத்துறையின் 32 ஏரிகளுக்கும், ஊராட்சி ஒன்றியங்களின் 42 ஏரிகளுக்கும், 971 குட்டைகளுக்கும் பகிரப்படுகிறது.

இவ்வெண்களிலேயே ஒரு செய்தி அடங்கியுள்ளது. மொத்தம் 1,045இல் 971 குட்டைகள். அதாவது பத்தில் ஒன்பதுக்கும் மேல். நீரை எண்ணிக்கையால் வகுத்தால் சராசரியாக ஒன்றுக்குச் சுமார் 40,000 கனமீட்டர் வருகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் பரப்பினால் அது நான்கு எக்டேர். ஏரிகள் கூடுதலாகக் கொள்வதால் குட்டைக்குக் கிடைப்பது இச்சராசரியினும் குறைவாகவே இருக்கும். ஆகவே இத்திட்டம் உருவாக்குவது ஒரு பெரிய நீர்த்தேக்கத்தை அன்று. நூற்றுக்கணக்கான சிறு, ஆழமற்ற நீர்ப்பரப்புகளை. கரைப்பறவைகளும் நாரைகளும் விரும்பத்தக்க அமைப்பு இதுவே.

இங்கு இரு வினாக்கள் எழுகின்றன. முதலாவது காலத்தைப் பற்றியது. தென்மேற்குப் பருவத்தில் நீலகிரியில் பெய்யும் மழையால் பவானி பெருகும். அன்னூரின் மழையோ ஐப்பசியில். வேறொரு மலையின் பருவத்தைக் குழாய் வழியே பெறும் குட்டை, தன் மழைக்கு முன்னரே நிரம்பக்கூடும். இதனால் முதலில் வந்திறங்கும் கரைப்பறவைகளுக்குச் சேற்று விளிம்பு கிடைக்காமல் போகலாம். வாத்தினங்களுக்கு நீர் முன்னதாகக் கிடைக்கலாம். ஆயினும் திட்டத்தின் அடிப்படை நெறி உபரிநீரை மட்டும், ஏறத்தாழ 70 நாள் அளவில் எடுப்பது என்பதாகும். அந்நெறி பேணப்பட்டால், தைக்குப் பின் புதுநீர் வராது. கசிவும் வெயிலும் தம் வேலையைச் செய்ய, பழைய வற்றல் ஒழுங்கு தொடரும். நிலத்தடி நீரைப் பெருக்குவதற்கும் நீர் கீழிறங்கியே ஆக வேண்டும். எனவே இவ்விடத்தில் உழவர் நலனும் பறவை நலனும் மோதவில்லை.

இரண்டாவது வினா வடிவத்தைப் பற்றியது. இதுவே கூடுதல் கவலைக்குரியது. பழைய குட்டையின் உட்புறம் மெல்லச் சரிந்திருக்கும். ஐம்பதுக்கு ஒன்று என்னும் சாய்வில் நீர்மட்டம் 10 செ.மீ. இறங்கினால் 5 மீட்டர் அகலச் சேறு வெளிப்படும். பொறி கொண்டு செங்குத்தாக வெட்டி, இரண்டுக்கு ஒன்று என்னும் சாய்வில் கரை அமைத்தால், அதே இறக்கத்தில் வெளிப்படுவது 20 செ.மீ. மட்டுமே. நீரின் அளவு கூடும், விளிம்பு மறையும். அத்தகைய குட்டையில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் வாழும். உள்ளானும் உப்புக்கொத்தியும் இறங்கா. கோயம்புத்தூர் நகரக் குளங்களில் கரைச்சுவரும் நடைபாதையும் பூங்காவும் அமைக்கப்பட்டதை நாம் கண்டுள்ளோம். மக்கள் குளத்தருகே வர அவை உதவின. எனினும் குளத்தின் அழகைச் சுவரின் நேர்மையால் அளக்கும் பார்வை ஊர்ப்புறக் குட்டைகளுக்கும் பரவுமாயின், நிரம்பிய நீரிலும் பறவை இன்மையைக் காண நேரும்.

அறுபதாண்டு காத்திருந்த உழவரிடம் சேற்றைப் பறவைக்கு விட்டுவையுங்கள் என்று கேட்பது முறையா என்னும் எதிர்வினா இயல்பானது. வேடந்தாங்கல் வரலாறு இதற்கு வழி காட்டுகிறது. அங்குப் பறவை காக்கப்பட்டது பாசனத்துக்கு எதிராக அன்று, பாசனத்தின் பகுதியாக. கோடையில் வண்டி கட்டி வண்டல் அள்ளிய பழைய வழக்கமும் குளத்தின் சாய்வைப் பெரிதும் குலைக்கவில்லை. ஆழத்தை ஓரளவு பேணியது, விளிம்பை விட்டுவைத்தது. 2017இல் மீட்டெடுக்கப்பட்ட குடிமராமத்து அவ்வழக்கத்தின் பெயரை ஏற்றது. அதன் அளவறிவையும் ஏற்க வேண்டும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவதாக, தமிழ்நாட்டில் நீர்ப்பறவைப் புகலிடம் என்னும் கருத்து கடலோரச் சதுப்பில் அன்றி ஏரி மரபில் தோன்றியது. கொங்கு நாட்டின் வெள்ளோடும் நஞ்சராயன் குளமும் அம்மரபின் தொடர்ச்சி.

இரண்டாவதாக, ஓதச் சதுப்பையும் குளத்தையும் இணைப்பது நீர்மட்டத்தின் ஏற்றவற்றமே. முன்னதில் அது இயற்கையின் ஒழுங்கு. பின்னதில் அது சமூகத்தின் ஒழுங்கு. ஆகவே கொங்கு நாட்டில் பறவைக் காப்பு என்பது எல்லையைக் காப்பது மட்டுமன்று, காலத்தைக் காப்பதுமாகும்.

மூன்றாவதாக, ஆட்சி ஆவணங்கள் குட்டையை வருவாய் நோக்கிலும், 2017இன் விதிகள் அதனைப் பயன்பாட்டு நோக்கிலும் ஒதுக்கின. குடிமக்கள் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பு அவ்வொதுக்கலைத் திருத்தும் வரலாற்று மூலமாக வளர்ந்துவருகிறது. கணக்கெடுப்போடு நீர்மட்டத்தையும் விளிம்பின் அகலத்தையும் குறித்தால் அம்மூலத்தின் மதிப்புப் பன்மடங்காகும். ஒரு குறிக்கோலும் ஒரு நாட்குறிப்பும் போதுமான இப்பணியை அன்னூர் வட்டாரக் கல்லூரிகளும் பள்ளிகளும் இன்றே தொடங்கலாம். 2024க்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளின் தரவு ஒருமுறை தவறினால் பின்னர் பெற இயலாது.

2024 ஆகஸ்டில் மூன்று நாள் இடைவெளியில் நிகழ்ந்த இரு அறிவிப்புகளும் இரு வேறு துறைகளின் கோப்புகளில் உள்ளன. ஒன்று வனத்துறையினுடையது, மற்றொன்று நீர்வளத்துறையினுடையது. ஆனால் அன்னூர்க் குட்டையில் இறங்கும் கொசு உள்ளானுக்கும், அக்குட்டையின் ஊற்றை நம்பிக் கிணறு வைத்திருக்கும் உழவருக்கும் நீர் ஒன்றே. அவ்விரு கோப்புகளையும் ஒருசேர வாசிப்பதே கொங்கு நாட்டு நீர்நிலை வரலாற்றாய்வின் அடுத்த பணியாகும்.